வெயில் அடிக்குது, பேனல் ஏன் வேலை செய்யல?

(ஏரலில் பிளஸ் டூ மாணவிகளும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பதிவு செய்த எபிசோடு இது. பேசியவர் ஏரலில் பிறந்து வளர்ந்தவர். இப்போது சென்னையில் எரிசக்தித் தணிக்கைப் பொறியாளர். பேச்சின் ஓட்டம் கெடாமல், வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இதைப் பிறகு ஹெட்போனில் கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசறேன்.

ஏரல் எங்கே இருக்குன்னு தெரியாத சென்னை, கோவை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாமிரபரணி மலையில் பிறந்து, திருநெல்வேலியைத் தாண்டி, புன்னைக்காயல் பக்கம் கடலில் போய்ச் சேரும் இல்லையா? அதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் வாழை. எங்க அப்பா வாழைத்தார் கமிஷன் மண்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாக காலேஜ் வாசலை மிதித்தது நான்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பெண்கள் எரிசக்திப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது. உண்மையைச் சொன்னால், தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. (சிரிப்பு) பெண்கள் சாதிக்க வேண்டும் என்று சொல்லி, கைதட்டி, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற கூட்டங்கள் நிறைய பார்த்தாச்சு. அதனால் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த ஊர்ப் பெண்.

வெள்ளம் வந்த வாரம்

2023 டிசம்பர் 17, 18. இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். ஆறு ஊருக்குள் வந்தது. பாலத்தை ஒட்டி ரோடு அறுத்துக்கொண்டு போனது. கரன்ட் போச்சு, அதோடு போனும் போச்சு.

நான் சென்னையில் இருந்தேன், அம்மா இங்கே தனியாக. ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள், சுவிட்ச் ஆஃப். நாலாவது நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. "ஏட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன். மாடியில இருக்கேன். இது பக்கத்து வீட்டு அண்ணாச்சி போனு. சார்ஜ் தீரப்போகுது, வச்சிருதேன்." இருபது செகண்ட் இருக்கும். அந்த இருபது செகண்டுக்காக மூன்று நாள் நான் சாப்பிட்ட சோறு எதுவென்று எனக்கு ஞாபகம் இல்லை.

வழி திறந்ததும் வந்து சேர்ந்தேன். தெரு முழுக்கச் சேறு. எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு மாடி வீடு. மேலே சோலார் பேனல். மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் ஃபேன் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை. அந்த வீட்டு ஆச்சிக்கு இன்சுலின் போட வேண்டும். ஃப்ரிட்ஜ் வேலை செய்யாததால் மருந்து பாட்டிலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மண்பானைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார்கள்.

ஆச்சியின் பேத்தி அப்போது பத்தாம் வகுப்பு. நான் கரன்ட் சம்பந்தமாக ஏதோ வேலை பார்க்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். கிட்டே வந்து கேட்டாள்: "யக்கா, வெயில் நல்லா அடிக்குது. பேனல் மேலதான் இருக்கு. அப்புறம் ஏன்க்கா கரன்ட் வரல?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு மாமா முந்திக்கொண்டார். "மழையில நனைஞ்சி கெட்டுப்போயிருக்கும். அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ போயி பாத்திரத்தக் கழுவு தாயி."

மாமா கெட்டவர் இல்லை. அந்த மூன்று நாளும் கழுத்தளவு தண்ணீரில் போய் நாலு வீட்டு ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் அவர் சொன்ன பதில் தப்பு. அந்தக் கேள்விதான் சரி.

அந்தக் கேள்விக்குப் பதில்

மொட்டை மாடியில் வைக்கிற பேனல் மழையில் நனைந்து கெட்டுப்போகாது. நனையத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் நின்றது?

நம் ஊர் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான சோலார், தெருவில் வரும் மின்கம்பியோடு இணைந்தது. பேனலில் கிடைப்பது நேர்மின்சாரம். அதை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். இந்த வகை இன்வெர்ட்டர் தெருக்கம்பியில் வரும் மின்சாரத்தின் தாளத்தைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்யும். நொடிக்கு 50 சுற்று. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். தெருவில் தாளம் நின்ற உடனே இன்வெர்ட்டரும் தன்னை அணைத்துக்கொள்ளும்.

அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. யோசித்துப் பாருங்க. கம்பம் சாய்ந்து கிடக்கிறது. மின்வாரிய ஊழியர் ஒருவர், லைனில் கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுப் பேனல் தெருக்கம்பிக்குள் கரன்ட்டைத் தள்ளினால்? அவர் உயிர் போகும். அதனால்தான் சட்டப்படி அந்தப் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும்.

சரி, ஊழியரும் பிழைக்க வேண்டும், ஆச்சியின் இன்சுலினும் கெடக்கூடாது. ரெண்டுக்கும் வழி உண்டா? உண்டு. தெருவில் கரன்ட் போனதும் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுசாகத் துண்டித்துக்கொண்டு, பேட்டரியின் துணையோடு தானே தாளம் போடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரி விலை கூடுதல் என்பதால் பல பேர் வாங்குவதில்லை.

எல்லா வீட்டுக்கும் வேண்டாம். வெள்ளம் வந்தால் ஜனங்கள் போய்த் தங்குகிற ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், அதற்கு மட்டும் போட்டால் எவ்வளவு தேவை? கணக்குப் போடலாமா? ஒரு போனை முழுசாகச் சார்ஜ் செய்ய ஏறக்குறைய 15 வாட்-மணி. 200 போனுக்கு 3,000, அதாவது 3 யூனிட். மருந்து வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், நாளைக்கு 1 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து, ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 1 யூனிட். மொத்தம் 5. நம்ம ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் 8. பேட்டரியில் போகும் இழப்பையும், மேகம் வந்தால் குறைவதையும் கழித்தாலும் சமாளிக்கலாம்.

இதில் எங்கேயாவது உங்களுக்குப் புரியாத கணக்கு வந்ததா? பெருக்கல், கூட்டல், அவ்வளவுதான். நான் தினமும் செய்கிற வேலையின் ஆரம்பம் இதுதான். எங்கே எவ்வளவு தேவை, எங்கிருந்து எடுப்பது, எது வீணாகிறது, எது நின்றால் உயிர் போகும். எரிசக்திப் பொறியியல் என்பதன் உள்ளே இருக்கிற விஷயம் அதுதான். கரன்ட் போனால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ ஒருத்தர் ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். மோட்டார் ஓடாவிட்டால் குடத்தைத் தூக்குவது யார் என்று அனுபவத்தில் தெரிந்தவர்களும் அந்த மேஜையில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கேட்டாளே, அந்தக் கேள்வியோடு போய் உட்கார வேண்டிய இடம் அது.

நம்மைச் சுற்றித்தான் எல்லாம்

'இந்தப் படிப்புக்கெல்லாம் எங்கேயோ போகணும்' என்று நினைக்கிறோம். ஏரலில் நின்றுகொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க.

நம் ஆற்றின் மேல்பக்கம் பாபநாசம். 1944-இலிருந்து அங்கே இந்தத் தண்ணீர் டர்பைனைச் சுற்றிக் கரன்ட் தருகிறது. கரன்ட் கொடுத்த அதே தண்ணீர்தான் கீழே வந்து நம் வாழைக்குப் பாய்கிறது.

வடக்கே முள்ளக்காடு. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் அங்கேதான் வந்தது. அன்றைக்கு ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட். இன்றைக்குப் புதிதாக நிறுத்தும் ஒரே காற்றாலை 3,000 கிலோவாட்டையும் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் இப்போது 11,000 மெகாவாட்டுக்கு மேல். நம் மாவட்டத்துக் கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது.

தூத்துக்குடியில் 1979-இலிருந்து ஓடும் அனல்மின் நிலையம், அஞ்சு யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஸ்பிக் வளாகத்து நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கிற சோலார், 2022-இல் தொடங்கியது. பழையகாயலில் அணு உலை எரிபொருள் குழாய்களுக்கு வேண்டிய சிர்கோனியம் தயாரிக்கும் ஆலை. வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். சின்னதுதான், மணிக்கு 10 கன மீட்டர். ஆனால் நாட்டில் பசுமை ஹைட்ரஜன் மையமாகத் தேர்ந்தெடுத்த மூன்று துறைமுகங்களில் இது ஒன்று. தமிழ்நாட்டுக் கடலுக்குள் 500 மெகாவாட் காற்றாலைக்கு மத்திய அமைச்சரவை 2024-இல் நிதியுதவிக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

அதாவது தண்ணீர், காற்று, நிலக்கரி, வெயில், அணு, ஹைட்ரஜன், ஆறும் நம்மைச் சுற்றி இருக்கிறது. ஒரு மாநிலத்தின் எரிசக்திப் பாடப்புத்தகத்தை ஒரு பஸ் டிக்கெட்டில் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியும் இங்கே இருந்து அந்த வேலைக்குப் போன பெண்களை விரல்விட்டு எண்ணுகிறோம்.

காற்றை அளந்தவர், 'ஹி'யை அடித்து எழுதவைத்தவர்

ரெண்டு பேரைப் பற்றிச் சொல்லணும்.

முதலாவது அன்னா மாணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர். வசதியான குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரக்கம்மல் கொடுத்தார்கள். வேண்டாம், எனக்கு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வாங்கிக் கொடுங்க என்று கேட்டு வாங்கினாராம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். நாட்டில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளக்கும் நிலையங்களை ஏற்படுத்தினார். 1976-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தாரா? நாடு முழுக்க 700-க்கும் அதிகமான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் வேலையை நடத்தினார். காற்றாலை வைக்கிறவர் முதலில் கேட்பது, இங்கே காற்று எவ்வளவு என்றுதான். அந்தக் கேள்விக்கு இந்தியாவில் பதில் தேடித் தந்தவர்களில் முன்னால் நிற்பவர் அவர். அடுத்த முறை ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளை செல்ஃபி எடுப்பீங்க இல்லையா, அப்போது அந்த வைரக்கம்மலை நினைத்துக்கொள்ளுங்க.

இரண்டாவது அ. லலிதா. சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பம். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கையில் நாலு மாதக் குழந்தை, கணவர் இறந்துவிட்டார். 1930-களில் அப்படி ஒரு பெண்ணின் கதை எப்படிப் போயிருக்கும் என்று உங்கள் ஆச்சியிடம் கேளுங்க. ஆனால் அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதுவரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அதிகாரிகளிடம் பேசி அனுமதி வாங்கி மகளைச் சேர்த்தார். ஹாஸ்டலில் தனியாக இருக்கக் கஷ்டமாக இருந்தபோது, மற்ற பெண்களும் சேரட்டும் என்று கல்லூரியை விளம்பரம் கொடுக்க வைத்தார். லீலாம்மா, திரேசியா என்று இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள்.

1943-இல் லலிதா மின்பொறியாளர் ஆனார். பட்டச் சான்றிதழ் ஆண்களுக்காக அச்சடித்தது. அதில் இருந்த 'ஹி'யை அடித்துவிட்டு, கையால் 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் வேலை. மின்தொடர்கள், துணைமின் நிலைய அமைப்பு என்று வடிவமைப்பு. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவர் கை இருக்கிறது. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போனார். மகளையும் தானே வளர்த்து ஆளாக்கினார்.

இந்தக் கதையில் நான் இங்கே இருக்கிற அப்பாக்களுக்குக் காட்ட விரும்புவது லலிதாவை இல்லை, சுப்பா ராவை. அவர் மகளுக்காகப் பரீட்சை எழுதவில்லை. ஒரு கதவைத் தட்டினார். அவ்வளவுதான்.

இன்றைய கணக்கு

அது 1943. இன்றைக்கு? சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2019-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. உலக அளவில் இந்தத் துறையில் வேலை செய்பவர்களில் 32 சதவீதம் பெண்கள். நல்லாத்தானே இருக்கு? பிரித்துப் பாருங்க. அலுவலக நிர்வாக வேலைகளில் 45 சதவீதம். அறிவியல், தொழில்நுட்ப வேலைகளில் 28 சதவீதம். அதாவது ஆபீசுக்குள் விட்டார்கள், கன்ட்ரோல் ரூமுக்கு இன்னும் முழுசாக விடவில்லை.

திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் சோலார் செல், மாட்யூல் ஆலை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போகும் பிள்ளைகள். சந்தோஷமான விஷயம். இனி அடுத்த படி, அந்த மாதிரி லைனை வடிவமைக்கிறவர், பழுது வந்தால் ஏன் என்று கண்டுபிடிக்கிறவர், அடுத்து எந்த மாடல் என்று முடிவு செய்கிறவர், அந்த நாற்காலிகள். அதற்குத்தான் படிப்பு.

வீட்டில் கேட்கிற நாலு கேள்வி

நான் இங்கே வருவதற்கு முன்னால் வாசலில் ஒரு அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்றேன்.

"பொம்பளப் பிள்ளய நைட் ஷிப்டுக்கு அனுப்ப முடியுமா?" முன்பு தொழிற்சாலைச் சட்டமே பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்தது. அந்தத் தடையை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளோடு. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்போடும் இரவு வேலை தரலாம் என்கிறது. சட்டம் இருந்தால் போதுமா? போதாது. நான் தணிக்கைக்குப் போன ஒரு ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டின் அந்தப்பக்கம் இருந்தது, பத்து நிமிஷ நடை. நான் என் அறிக்கையில் மோட்டார், பாய்லர் பற்றி எழுதியதோடு அதையும் ஒரு வரி எழுதினேன். அடுத்த வருஷம் போனபோது உள்ளேயே கட்டியிருந்தார்கள். முதலில் போகிறவளுக்குக் கஷ்டம் உண்டு. அவள் போனால்தான் அடுத்தவளுக்குக் குறையும். அதை மறைத்து உங்களைக் கூப்பிட நான் வரவில்லை.

"கம்ப்யூட்டர் படிச்சா உடனே சம்பளம் வருமே?" வரலாம். கோர் கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவுதான். எனக்கே கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு நிறுவனம், சைட்டுக்குப் பசங்களைத்தான் எடுக்கிறோம் என்று நேராகச் சொன்னது. அன்றைக்கு ஹாஸ்டலில் அழுதேன். ஆனால் இந்தத் துறைக்குள்ளும் கம்ப்யூட்டர் இருக்கிறது. நாளைக்கு மதியம் கயத்தாறில் எவ்வளவு காற்று அடிக்கும், சாயங்காலம் வெயில் இறங்கி எல்லா வீட்டிலும் லைட் போடும்போது அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று முன்கூட்டியே கணிப்பது இன்றைக்குப் பெரிய வேலை. கோடிங் தெரிந்து, கரன்ட்டும் தெரிந்தவர்களுக்கு நல்ல மரியாதை.

என் வேலையையே எடுத்துக்கோங்க. ஒரு ஆலையில் பெரிய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காற்று அதிகமாக இருக்கிறது என்று தடுப்பை வைத்துப் பாதி மூடியிருப்பார்கள். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது மாதிரி. தடுப்பை எடுத்துவிட்டு ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏனென்றால் மின்சாரத் தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்க, 0.512. பிளஸ் ஒன் கணக்குக்கூட இல்லை. அதை ஆலையில் போய்க் கண்டுபிடித்துச் சொல்ல ஒருத்தர் வேண்டும். பெரிய ஆலைகள் தணிக்கை செய்ய வேண்டும், ஒரு எரிசக்தி மேலாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதற்குத் தேசிய அளவில் தேர்வு உண்டு.

"செலவு?" ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். அந்த விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்ததே நம் தூத்துக்குடியில்தான், 2024 டிசம்பர் 30. ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி உதவித்தொகை, தேர்வானால் வருஷம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் ரெண்டு பெண்கள் வரை. முதல் பட்டதாரி சலுகை தனி. அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்க. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் நெருக்கும்.

"இதெல்லாம் படிச்சா மாப்பிள கிடைக்குமா?" (சிரிப்பு) அண்ணாச்சி, எனக்குக் கிடைச்சார். எங்க வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துறது அவர்தான்.

எந்த வாசல் வழியாகப் போவது

பிள்ளைகளே, எழுதிக்கோங்க. 'எரிசக்திப் பொறியியல்' என்ற பெயரிலேயே இளநிலைப் படிப்பு தேட வேண்டும் என்றில்லை. நேர் வாசல் பி.இ. மின் மற்றும் மின்னணுப் பொறியியல், நாம் ட்ரிபிள் ஈ என்கிறோமே அது. மெக்கானிக்கல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களும் வரலாம். அதன் பிறகு எம்.இ. எனர்ஜி இன்ஜினியரிங், அண்ணா பல்கலைக்கழகத்தில் கிண்டியிலேயே இருக்கிறது. லலிதா படித்த அதே வளாகம்.

ரொம்பத் தூரம் அனுப்ப வீட்டில் யோசித்தால், தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி, திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி. கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்கு: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மார்க் குறைந்தால் உலகம் முடிந்துவிடாது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். என்னோடு வேலை செய்யும் மிகத் திறமையான ஒருத்தி அப்படி வந்தவள்தான். கம்பியைப் பார்த்தே எங்கே சூடாகிறது என்று சொல்லிவிடுவாள்.

எல்லாரும் இதையே படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நர்சிங் பிடித்தால் நர்சிங். பி.காம். பிடித்தால் பி.காம். ஆனால் ஒன்று பிடிக்காமல் ஒதுக்குவதும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஒதுக்குவதும் வேறு வேறு.

கடைசியாக

அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ. கணக்குக் குரூப்தான் எடுத்திருக்கிறாள். பெயரைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆனால் இந்த ஹாலில்தான் எங்கேயோ இருக்கிறாள். வீட்டில் பக்கத்துக் காலேஜில் ஏதாவது மூணு வருஷப் படிப்பு போதும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியது அவள். ஆனால் அவளுடைய அப்பாவும் இங்கே இருக்கிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணாச்சி, கவுன்சலிங் ஃபார்ம் போடுகிற அன்றைக்கு, எந்தக் காலேஜ் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால், "ஏட்டி, உனக்கு எது பிடிக்கும்?" என்று ஒரு தடவை கேளுங்க. பதில் வந்த பிறகு பஸ் வசதியைப் பற்றிப் பேசலாம்.

பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் உண்டு. ராத்திரி வீட்டுக்குப் போனதும் மீட்டர் பெட்டிக்குப் போய், யூனிட் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கோங்க. நாளைக்கு இதே நேரத்தில் மறுபடியும் பாருங்க. ரெண்டுக்கும் இடையில் எத்தனை யூனிட், அது எங்கே எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதுங்க. ஃப்ரிட்ஜ் எவ்வளவு, ஃபேன் எவ்வளவு, மோட்டார் எவ்வளவு. கணக்கு இடிக்கும். ஏன் இடிக்குது என்று தேடுங்க. யாராவது வந்து, அது உனக்கு எதுக்கு தாயி என்றால், கோபப்படாதீங்க. "இருங்க மாமா, கண்டுபிடிச்சிட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்க.

அந்த எதிர்வீட்டில் இப்போது பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். எந்தெந்த லைட், எந்த பிளக் பாயின்ட் அதில் இணைய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது அந்தப் பிள்ளைதான். முதல் வரியில் ஆச்சியின் ஃப்ரிட்ஜ்.

டீ ஆறுவதற்குள் போய்க் குடிப்போம். கேள்வி இருக்கிறவர்கள் அங்கேயே வந்து கேளுங்க, நான் கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன்.